"வெளையாட்டுத்தான்" என்று சொல்லலாமா?

ஜூன் மாதம் பிறந்தால் நம் குழுக்களின் தீர்மானப் புத்தகங்களில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. "குழந்தை படிப்புச் செலவுக்கு உள்கடன்." கல்லூரிப் பிள்ளைக்கா, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கா என்று விசாரித்தால் பல இடங்களில் வேறு பதில் வருகிறது. "எல்.கே.ஜி.க்குங்க. மூணு வயசு முடிஞ்சிருச்சு." கட்டணம், வேன், ஷூ, டை, பை, நோட்டு எல்லாம் சேர்த்துக் கூட்டினால், ஆடு வாங்கவும் தையல் மெஷின் வாங்கவும் எடுக்கிற கடனைத் தாண்டிப் போய்விடுகிறது. இது வருமானம் வராத கடன். பத்துத் தவணை கட்டி முடிப்பதற்குள் அடுத்த ஜூன் வந்து நிற்கும்.

பிள்ளை படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. நாம் பட்ட கஷ்டம் பிள்ளை படக் கூடாது என்று நினைக்காத தாய் நம் குழுக்களில் யாரும் இல்லை. ஆனால், "ஊரிலேயே அங்கன்வாடி இருக்கேம்மா, அங்கே ஏன் அனுப்பலை?" என்று கேட்கும்போது வருகிற பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"அங்க என்னங்க சொல்லித் தர்றாங்க? சோறு போடுறாங்க, தூங்க வைக்கிறாங்க. மத்த நேரமெல்லாம் வெளையாட்டுத்தான்."

அந்த "வெளையாட்டுத்தான்" என்ற சொல்லைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு என்றால் என்ன, அதில் அது எதைக் கற்கிறது, கற்கவில்லை என்றால் யார் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துகொண்டால், அந்தக் கடனை எடுப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

புளியங்கொட்டை போதும்

வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். தரையில் ஆறு புளியங்கொட்டையை ஒரு வரிசையாக வையுங்கள். அதற்குக் கீழே, ஒன்றுக்கு நேராக ஒன்று வருகிற மாதிரி, இன்னும் ஆறு வையுங்கள். "எந்த வரிசையில நிறைய இருக்கு?" என்று கேளுங்கள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று பிள்ளை சொல்லும். இப்போது பிள்ளையின் கண்ணெதிரிலேயே கீழ் வரிசையைத் தள்ளித் தள்ளி வைத்து நீட்டிவிடுங்கள். ஒரு கொட்டையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "இப்ப எதுல நிறைய?" என்று கேளுங்கள். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் நீளமான வரிசையைத்தான் காட்டும்.

உங்கள் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) இப்படிப் பல சின்னச் சோதனைகளைக் குழந்தைகளிடம் செய்து பார்த்து, இந்த வயதுப் பிள்ளை கண்ணுக்குத் தெரிகிற நீளத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது என்று எழுதினார். ஆறு, ஏழு வயது வாக்கில் அது தானாகத் தெளிந்துவிடும்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதே பிள்ளை ஒன்று முதல் நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கக்கூடும். விருந்தாளி வந்தால் நாமே சொல்லச் சொல்லிக் கேட்டுப் பெருமைப்படுகிறோம். ஆனால் அது பாட்டு மாதிரி வாயில் ஏறியதுதான். ஆறு என்றால் நெருக்கி வைத்தாலும் ஆறு, பரப்பி வைத்தாலும் ஆறு, குவித்தாலும் ஆறு என்ற உணர்வு வாயால் வராது. எடுத்து, வைத்து, கலைத்து, மறுபடி எடுத்து, கை பழகினால்தான் அந்த உணர்வு வரும்.

நம் வீட்டுப் பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். பதினான்கு குழி. குழிக்கு ஐந்து என்று போட்டு ஆரம்பிப்போம். நான்கு வயதுப் பிள்ளையால் முழு ஆட்டம் ஆட முடியாது, வேண்டவும் வேண்டாம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை முத்தை எடுத்து "குழிக்கு ஒண்ணு, குழிக்கு ஒண்ணு" என்று போட்டுக்கொண்டே போனால் போதும். ஒரு குழிக்கு ஒரு முத்து, ஒரு எண்ணுக்கு ஒரு பொருள். எண்ணுவதற்கு அடிப்படையே இதுதான். வெறுங்குழி வந்தால் அதைத் துடைத்துவிட்டு அடுத்த குழியில் இருப்பதை எடுப்போமே, அங்கே பிள்ளை பூஜ்ஜியத்தைக் கண்ணால் பார்த்துவிடுகிறது. கரும்பலகையில் பூஜ்ஜியத்தைச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். நம் அம்மாக்கள் இதையெல்லாம் பாடம் என்று நினைத்துச் செய்யவில்லை. மழைக்காலத்தில் பிள்ளை வெளியே ஓடாமல் இருக்கச் செய்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை கையில் புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி கொடுக்க வேண்டாம். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும், விழுங்கிவிடும். குன்றிமணி விஷம், எந்த வயதுப் பிள்ளைக்கும் அது வேண்டாம். சின்னப் பிள்ளைக்குக் கொட்டாங்குச்சி, கரண்டி, மூடி போட்ட டப்பா, இது போதும்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு கை வேண்டும்

"எங்க பையன் எல்.கே.ஜி. போய் மூணு மாசத்துல ஏபிசிடி எழுதுறான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. நம் பிள்ளை அங்கன்வாடியில் களிமண் உருட்டிக்கொண்டிருக்கிறதே என்று.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, மெத்தென்ற குருத்தெலும்பாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு எட்டும் எலும்பாவதற்குப் பத்து வயது வரைக்கும் ஆகும். மூன்று வயதில் பல எலும்புகள் இன்னும் உருவாகியே இருக்காது. விரல்களுக்கு வலுவும், கண் பார்ப்பதைக் கை செய்கிற ஒழுங்கும் அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, நாலு கோட்டு நோட்டில் கோட்டைத் தாண்டாமல் ஒரு பக்கம் முழுக்க எழுது என்றால், பிள்ளை முஷ்டியால் பென்சிலைப் பிடித்து அழுத்தும். கை வலிக்கும். "கை வலிக்குதும்மா" என்றால், படிக்கக் கள்ளம் பண்ணுகிறது என்று நாம் நினைப்போம். பள்ளி என்றாலே அழுகிற பிள்ளை இப்படித்தான் உருவாகிறது.

களிமண் உருட்டுகிற பிள்ளை என்ன செய்கிறது? ஐந்து விரலுக்கும் வேலை கொடுக்கிறது. இலையைக் கிழிக்கும்போதும், மணி கோக்கும்போதும், பயறையும் கடலையையும் பிரித்து வைக்கும்போதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கப் பழகுகின்றன. பென்சிலுக்கு வேண்டியது அந்தப் பிடிதான். மணலில் விரலால் வட்டம் போட்டுப் பழகிய பிள்ளைக்கு, பின்னால் 'ட' எழுதுவதும் 'ம' எழுதுவதும் வளைவும் கோடும்தான், பயம் இருக்காது. காலையில் நீங்கள் கோலம் போடும்போது ஒரு ஓரத்தில் நான்கு புள்ளி வைத்துப் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லுங்கள். கோணலாக வரும். அழித்துத் திருத்த வேண்டாம். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள், என்ன செய்கிறது என்று பாருங்கள்.

2018-ஆம் ஆண்டு மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒன்றாம் வகுப்புக்கே கூடாது என்றால் எல்.கே.ஜி.க்கு? சேர்க்கைக்குப் போகும்போது இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இன்னும் பின்னால் போனால், 1989-இல் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் பேசியபோது, பிள்ளைகள் முதுகில் தூக்குகிற புத்தகப் பையைப் பற்றித்தான் பேசினார். அந்தப் பேச்சைத் தொடர்ந்து எழுந்த விவாதத்தால் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1993-இல் அந்தக் குழு தந்த அறிக்கை, நர்சரி வகுப்பில் சேர்க்கப் பிள்ளைக்குத் தேர்வும் நேர்காணலும் வைப்பதை நிறுத்தச் சொன்னது. முப்பது வருஷம் தாண்டிவிட்டது. மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போய் "கலர் பேர் சொல்லு, உன் பேர் சொல்லு" என்று கேட்கிற இடம் இன்னும் இருக்கிறது. நாமும் முந்தின நாள் ராத்திரி முழுக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறோம்.

பூவரச இலை ரூபாய்

கணக்கையும் எழுத்தையும் விட்டு, பிள்ளைகள் தாங்களாகவே விளையாடுகிற விளையாட்டுக்கு வருவோம். சொப்புச் சாமான் வைத்துச் சமையல், கடை, பஸ், ஆஸ்பத்திரி. நம் உறுப்பினர்கள் வீட்டுப் பிள்ளைகள் குழுக் கூட்டம் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். வட்டமாக உட்காரும். ஒன்று ஊக்குநர். பூவரச இலைதான் சந்தாப் பணம். பழைய நோட்டில் என்னவோ கிறுக்கி வரவு வைக்கும். "நீ போன வாரம் கட்டலை, உனக்கு லோன் கிடையாது" என்று ஒன்று கறாராகச் சொல்லும். பக்கத்தில் இருந்து கேட்டால் யார் வீட்டுப் பிள்ளை, அவள் அம்மா கூட்டத்தில் எப்படிப் பேசுவாள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்!

சிரித்துவிட்டுப் போகாமல் கொஞ்சம் கவனியுங்கள். இலையை ரூபாய் என்று வைத்துக்கொள்கிறது பிள்ளை. அது இலைதான் என்றும் தெரியும், இப்போதைக்கு ரூபாய் என்றும் தெரியும். ஒரு பொருள் இன்னொன்றுக்காக நிற்கும் என்பதைப் பிள்ளை யாரும் சொல்லித் தராமல் பிடித்துக்கொண்டது. எழுத்து என்பதும் அதுதானே? 'அ' என்ற வளைவு ஒரு ஒலிக்காக நிற்கிறது. 5 என்ற கோடு ஐந்து பொருளுக்காக நிற்கிறது. குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுகிற பிள்ளையைப் பார்த்து, இங்கேதான் அர்த்தம் பொருளை விட்டுத் தனியாகப் பிரிகிறது என்று ரஷ்ய அறிஞர் வைகோட்ஸ்கி எழுதினார். இலையை ரூபாயாக்கி நன்றாக விளையாடிய பிள்ளைக்கு 'அ' புரிவது கஷ்டமாக இருக்காது.

அடுத்தது பேச்சு. கடை விளையாட்டில் வாங்குகிற பிள்ளையும் விற்கிற பிள்ளையும் பேசியாக வேண்டும். "தக்காளி என்ன விலை?" "பத்து ரூவா." "அழுகிப்போயிருக்கே, குறைச்சுக் கொடு." ஒப்பிக்கிற பாட்டில் இந்தப் பேச்சு வராது. பேச்சு வளர்ந்த பிள்ளைதான் நாளைக்குப் பாடப் புத்தகத்தில் இருப்பதைப் புரிந்து படிக்கும்.

இன்னொன்று, பொறுத்திருப்பது. சிலை விளையாட்டில் "ஸ்டேச்சு" என்றால் அசையாமல் நிற்க வேண்டும். நொண்டியில் நம் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். கண்ணாமூச்சியில் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆசைப்பட்டதை உடனே செய்யாமல் அடக்கிக்கொள்கிற இந்தப் பழக்கம்தான் ஒன்றாம் வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார்ந்து டீச்சர் சொல்வதைக் கேட்க வைக்கிறது. அடித்து உட்கார வைத்தால் டீச்சர் தலை மறைந்ததும் எழுந்துவிடும்.

செல்போன் விளையாட்டை இதில் சேர்க்காதீர்கள். சோறு ஊட்டவும் அழுகையை நிறுத்தவும் போனைக் கொடுக்கிற பழக்கம் நம் வீடுகளில் எல்லாம் வந்துவிட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. போன் பதிலுக்குப் பேசாது, பேரம் பேசாது, "இப்ப என் முறை" என்று சண்டை போடாது.

முற்றத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

விளையாட்டு வழியாகக் கற்பது என்றால் பணக்காரப் பள்ளிகளின் சமாச்சாரம் என்று ஒரு எண்ணம் உண்டு. மாண்டிசோரி என்று பலகை வைத்த பள்ளிகளின் கட்டணத்தைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி தன் முறையை முதலில் தொடங்கியது 1907-இல் ரோம் நகரில், கூலி வேலைக்குப் போகிற ஏழைப் பெற்றோர் வாழ்ந்த குடியிருப்பில், அவர்களுடைய பிள்ளைகளுக்காக. பின்னால் 1939-இல் ஆசிரியர் பயிற்சி கொடுக்கச் சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப் போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்தது. அதில் சில வருஷம் நம் கொடைக்கானலில் இருந்தார்.

ஆனால் நம் கதைக்கு நெருக்கமானவர்கள் வேறு இரண்டு பெண்கள்.

தாராபாய் மோடக், அனுதாய் வாக். இருவரும் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவர்கள். தாராபாய் (1892–1973) குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்பவருடன் வேலை செய்தார். கிஜுபாய் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்காக 1920-இல் பள்ளி தொடங்கியவர். "மீசை வைத்த அம்மா" என்று அவரைச் செல்லமாகச் சொல்வார்கள். அனுதாய் (1910–1992) சிறு வயதிலேயே திருமணமாகி, சில மாதங்களில் கணவனை இழந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மூலையில் உட்காருவதுதான் விதி. அவர் படித்தார், ஆசிரியை ஆனார்.

1945-இல் இருவரும் போர்டி என்ற கடலோரக் கிராமத்தில் பால்வாடி தொடங்கினார்கள். நகரத்தில் பயன்படுத்தும் மரச் சாமான்களும் மணிகளும் வாங்கக் கிராமத்தில் காசு ஏது? கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை, களிமண் எல்லாம் விளையாட்டுச் சாமான் ஆயின. இன்னொரு சிக்கல் வந்தது. வார்லி பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள் பால்வாடிக்கு வரவில்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆடு மேய்க்க வேண்டும், அழுக்குத் துணியோடு வரக் கூச்சம். பிள்ளை வரவில்லை என்றால் பள்ளிக்கூடம் போகட்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். குடிசைகளுக்கு நடுவே இருக்கிற முற்றத்துக்கே சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதலில் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவாரிவிடுவது, பிறகு பாட்டு, கதை, விளையாட்டு. அந்தப் பக்கத்து மொழியில் 'ஆங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பேர் அங்கிருந்து வந்தது. 1950-களில் கோஸ்பாட் என்ற மலைப் பகுதிக்கு வேலையை மாற்றிக்கொண்டு, கடைசி வரை இருவரும் அங்கேயே உழைத்தார்கள்.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, மையங்களுக்கு அந்த அங்கன்வாடி என்ற பேரே நிலைத்தது. நம் ஊரில் பெரியவர்கள் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது சத்துணவுத் திட்டம் சின்னப் பிள்ளைகளின் மையங்களுக்கும் வந்தது. பசித்த பிள்ளைக்கு அது செய்த நன்மைக்கு அளவில்லை. ஆனால் அன்றிலிருந்து அது "சோறு போடுற இடம்" என்று நம் மனசில் பதிந்தும் போனது.

இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் மையங்கள் இருக்கின்றன. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பேரில் பாடத்திட்டம் இருக்கிறது. குடும்பம், காய்கறி, விலங்கு, வாகனம் என்று தலைப்பு வாரியாகப் பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் அதில் உண்டு. 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. உங்கள் ஊர் மையம் அதில் உண்டா என்று விசாரியுங்கள். மையத்தை முடித்துப் பிள்ளை போகிற ஒன்றாம் வகுப்பும் நாம் படித்த மாதிரி இல்லை. 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் நினைவிருக்கும். உங்கள் மூத்த பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்தார்களே, அதுதான். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஆட்டம், பாட்டு, பொம்மலாட்டம் என்று செயல்பாடுகளை வைத்துத்தான் நடக்கிறது. எனவே, "இப்பவே எழுதலைன்னா ஒண்ணாங்கிளாஸ்ல திணறுவான்" என்ற பயம், அரசுப் பள்ளியைப் பொறுத்தவரை, தேவையில்லாத பயம்.

எல்லாம் சரியாக இருக்கிறதா?

இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

சும்மா விட்டுவிடுவது வேறு, விளையாட வைப்பது வேறு. முப்பது பிள்ளைகளை ஒரு அறையில் உட்கார வைத்து, நடுவில் ஒரு உடைந்த கார் பொம்மையைப் போட்டுவிட்டு, டீச்சர் ஓரத்தில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தால், அது விளையாட்டு வழிக் கல்வி ஆகாது. அந்த டீச்சரைக் குறை சொல்வதற்கு முன் அவர் வேலையையும் பாருங்கள். எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், சத்துமாவு கணக்கு, 2021-இலிருந்து போனில் ஏற்றுகிற கணக்கு வேறு. உதவியாளர் லீவு என்றால் அடுப்பையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

நாம் அடிக்கடி கேள்விப்படுகிற இன்னொரு விஷயம், பூட்டின பீரோ. விளையாட்டுச் சாமான் வந்திருக்கும், பிரிக்காமல் உள்ளே இருக்கும். "காணாமப் போனா, உடைஞ்சா நான்தாங்க பதில் சொல்லணும்" என்பார் டீச்சர். அவர் பயம் நியாயமானது. ஆனால் பீரோவுக்குள் இருக்கிற கட்டையை வைத்து எந்தப் பிள்ளையும் கோபுரம் கட்ட முடியாது. இங்கேதான் நம் குழுக்கள் உள்ளே நுழையலாம். கொட்டாங்குச்சி, சோளத்தட்டை, பழைய சேலையில் தைத்த பொம்மை, கழுவிய பிளாஸ்டிக் மூடி, பனையோலைக் காற்றாடி, இதற்கெல்லாம் இருப்புப் பதிவேடு கிடையாது. உடைந்தால் வேறு செய்யலாம். போர்டியில் அந்த இரண்டு பெண்களும் இதைத்தானே செய்தார்கள்?

தனியார் பள்ளிக்கு அனுப்புகிற உறுப்பினர்களுக்கும் சில காரணங்கள் உண்டு. வேன் வீட்டு வாசலுக்கு வருகிறது. வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது பெரிய உதவி. ஆங்கிலம் வேண்டும் என்ற ஆசையும் தப்பில்லை. நாம் சொல்வது இவ்வளவுதான்: பணம் கட்டுவதற்கு முன்னால் வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். உள்ளே விட மாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில். பிள்ளைகள் பேசுகிற சத்தம் கேட்கிறதா, எல்லாம் கை கட்டி வாயில் விரல் வைத்து இருக்கிறார்களா? மணல், களிமண், கட்டை ஏதாவது இருக்கிறதா, பெஞ்சும் நோட்டும் மட்டும்தானா? நன்றாக விளையாட விடுகிற தனியார் பள்ளியும் உண்டு, பீரோவைப் பூட்டி வைத்த அங்கன்வாடியும் உண்டு. பலகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

வீட்டில் ஒரு சின்ன மாற்றம். மாலையில் பிள்ளை வந்ததும் மாமியாரும் வீட்டுக்காரரும் "நோட்டைக் காட்டு, இன்னைக்கு என்ன எழுதின?" என்று கேட்பார்கள். எழுதினது கண்ணுக்குத் தெரியும். விளையாட்டில் கற்றது நோட்டில் இருக்காது. அதனால்தான் பள்ளிகளும் நமக்குக் காட்டுவதற்காகவே எழுத வைக்கின்றன என்பது எங்கள் சந்தேகம். அதற்குப் பதிலாக, "இன்னைக்கு யார்கூட விளையாடின? டீச்சர் என்ன கதை சொன்னாங்க? நரி அப்புறம் என்ன பண்ணுச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை கதையை வரிசையாகச் சொல்கிறதா, நடுவில் புதுசாக எதையாவது சேர்க்கிறதா என்று கேட்டாலே எவ்வளவு கற்றிருக்கிறது என்பது தெரியும். பத்து நாள் கேட்டும் சொல்ல ஒன்றுமே இல்லை என்றால், மையத்துக்கு நேரில் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இந்த மாதக் கூட்டத்துக்கு

எல்.கே.ஜி.க்காகக் கடன் மனு வந்தால், அந்த உறுப்பினரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு மையத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். சோறு நேரத்துக்குப் போகாதீர்கள், சோறு மட்டும்தான் தெரியும். பார்த்ததைக் கூட்டத்தில் சொல்லட்டும். அதன் பிறகும் தனியார் பள்ளிதான் என்றால் கடனை மறுக்க வேண்டாம். அது அந்தத் தாயின் முடிவு.

கதை சொல்லத் தெரிந்த, பல்லாங்குழி ஆடத் தெரிந்த மூத்த உறுப்பினர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அரை மணி நேரம் மையத்தில் பிள்ளைகளோடு உட்கார முடியுமா என்று பேசுங்கள். டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது மரியாதை. பரிசோதனைக்கு வந்த மாதிரி நான்கைந்து பேராகப் போய் நிற்காதீர்கள்.

மையத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை, விளையாட இடம் இல்லை, உதவியாளர் இடம் காலி என்றால் கிராம சபையில் எழுப்புங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், தீர்மானமாக எழுத வைத்து, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மனு எழுத உதவி வேண்டிய குழுக்கள், தங்கள் ஊக்குநர் மூலம் கூட்டத் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தால், எழுதித் தர ஏற்பாடு செய்கிறோம்.